சி நிரலின் முதல் வரிகளைப் பொருள் சொல்லிக் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கணினி நிரலாக்கம் குறித்த அறிமுகத் தொடர் வெளிவரத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கிலும் கலை அறிவியல் கல்லூரியிலும் சேரும் பிள்ளைகளுக்கு இத்தகைய தொடர் எவ்வளவு துணையாக இருக்கும் என்பதை, அவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சி மொழி கற்பித்துவரும் ஆசிரியன் என்ற முறையில் நன்கு அறிவேன். ஆனால் சி நிரலின் அடிப்படை அமைப்பை விளக்கிய பகுதியில் மாதிரியாகத் தரப்பட்டிருந்த நிரல், நம் ஆய்வகங்களில் கைமாறிக் கைமாறி வந்திருக்கும் அதே பழைய வடிவத்தில் இருந்தது. வாய்ட் மெயின் என்று தொடங்கி, சிஎல்ஆர்எஸ்சிஆர் என்று திரையைத் துடைத்து, கெட்ச் என்று முடிந்தது. அந்த வரிகள் எதற்காக இருக்கின்றன என்ற விளக்கமும் இல்லை. பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் பக்கம் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்க மாணவருக்குக் காட்ட வேண்டிய மிகச் சிறிய முழு நிரல் இதுதான். வாசகர்களின் வசதிக்காக ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் இந்தச் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் சி மொழி வெவ்வேறாகவே கருதும்.

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.ஹெச்>
இன்ட் மெயின்(வாய்ட்)
{
    பிரின்ட்எஃப்("வணக்கம்\என்");
    ரிட்டர்ன் 0;
}

ஆறே வரிகள். (\என் என்பது அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் குறி.) இவற்றுள் ஒன்றைக்கூட 'இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள், பிறகு புரியும்' என்று சொல்லிக் கடக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அப்படிக் கடந்துபோன மாணவர்கள், மூன்றாம் ஆண்டு முடிக்கும்போதும் அந்த வரிகளை மந்திரம் போலவே எழுதுகிறார்கள்.

முதல் வரியிலிருந்தே குழப்பம் தொடங்கிவிடுகிறது. திரையில் எழுதிக் காட்டும் பிரின்ட்எஃப் என்ற செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், எஸ்டிடிஐஓ.ஹெச் என்ற தலைப்புக் கோப்புக்குள் இருக்கிறது என்று பல வழிகாட்டிகள் எழுதுகின்றன, அது சரியன்று. அந்தக் கோப்பில் இருப்பது, பிரின்ட்எஃப் என்ற பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, அது இன்னின்ன வகை மதிப்புகளை ஏற்கும், இன்ன வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்ற அறிவிப்பு மட்டுமே. செயற்கூற்றின் உடல், முன்னரே தொகுக்கப்பட்ட சி நூலகத்தில் தனியாக இருக்கிறது. திருமண அழைப்பிதழில் யார், எங்கே, எப்போது என்பது இருக்கும். சாப்பாடு மண்டபத்தில்தான் கிடைக்கும். முன்செயலி, அதாவது பிரீபிராசசர், அந்தத் தலைப்புக் கோப்பின் உரையை அந்த வரி இருந்த இடத்தில் அப்படியே கொண்டுவந்து வைக்கிறது. பிறகு கம்பைலர் முழு உரையையும் மேலிருந்து கீழாகப் படித்து இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. கடைசியில் லிங்கர் வந்து, நாம் எழுதிய பகுதியையும் நூலகத்தில் உள்ள பிரின்ட்எஃப் பகுதியையும் ஒன்றாகக் கோக்கிறது. இன்க்ளூட் வரிகளுக்கு 'இணைப்புப் பகுதி' என்று பாடநூல்களில் பெயர் இருப்பதால், இணைப்பு வேலை அந்த வரியிலேயே முடிந்துவிடுவதாக மாணவர் நம்பிவிடுகிறார்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. லினக்ஸ் கணினியில் ஒரு மாணவர் வர்க்கமூலம் காணும் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேத்.ஹெச் என்ற தலைப்புக் கோப்பை முறையாகச் சேர்த்திருப்பார். அப்படியிருந்தும் வர்க்கமூலச் செயற்கூற்றைக் காணவில்லை என்று பிழைச் செய்தி வரும். 'தலைப்புக் கோப்பைத்தான் சேர்த்துவிட்டேனே ஐயா' என்று அவர் திகைப்பார். செய்தியை ஊன்றிப் படித்தால், அதைச் சொல்வது கம்பைலர் அன்று, லிங்கர் என்பது தெரியும். கணித நூலகத்தைத் தனியாக இணைக்கும்படி தொகுக்கும் கட்டளையின் இறுதியில் சொல்ல வேண்டும். சொன்னால் பிழை போய்விடும். அறிவிப்பு வேறு, உடல் வேறு என்று முதல் நாளே கேட்டிருந்த மாணவர் இந்த இடத்தில் ஒரு நிமிடம் கூடத் தடுமாறுவதில்லை.

அடுத்தது மெயின். நிரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் ஓட்டம் மெயினிலிருந்தே தொடங்கும். கோப்பில் அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது பொருட்டன்று. அடைப்புக்குறிக்குள் உள்ள வாய்ட், மெயின் வெளியிலிருந்து எந்த மதிப்பையும் வாங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அதன் முன்னால் நிற்கும் இன்ட் என்பது, வேலை முடிந்ததும் மெயின் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்பதைக் காட்டுகிறது. யாருக்குத் தருகிறது என்று எந்த மாணவரும் கேட்க வேண்டிய கேள்வியை நம் வகுப்புகளில் யாரும் கேட்பதில்லை. நிரலை இயக்கிய இயங்குதளத்துக்குத்தான் அந்த எண் போய்ச் சேர்கிறது. பூஜ்ஜியம் என்றால் வேலை ஒழுங்காக முடிந்தது என்று பொருள். வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. லினக்ஸில் இரண்டு கட்டளைகளுக்கு இடையே இரட்டை உம்மைக் குறி (&&) இட்டு எழுதினால், முதல் நிரல் பூஜ்ஜியத்தைத் திருப்பித் தந்தால் மட்டுமே இரண்டாவது இயங்கும். ஆய்வகத்திலேயே ரிட்டர்ன் 0 என்பதை ரிட்டர்ன் 1 என்று மாற்றி, இரண்டாவது கட்டளை நின்றுபோவதைக் காட்டிவிடலாம். அதன்பிறகு அந்த வரியை எந்த மாணவரும் பொருளற்ற சடங்காக நினைக்கமாட்டார்.

வாய்ட் மெயின், அதாவது மெயின் எதையும் திருப்பித் தராது என்று சொல்லும் வடிவம், ஏன் சரியன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருவே (கெர்னல்) சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. 1978-இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய நூலில் இருந்த புகழ்பெற்ற முதல் நிரலில் வாய்ட் இல்லை. மெயின் என்று மட்டுமே இருந்தது. முன்னால் எதுவும் எழுதாவிட்டால் முழு எண் என்று கொள்வது அன்றைய மரபு. 1989-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் ஆன்சி சி தரநிலையை வெளியிட்டபோதும், மறு ஆண்டு அது பன்னாட்டுத் தரநிலையாக ஏற்கப்பட்டபோதும், இயங்குதளத்தின் மேல் ஓடும் நிரலுக்கு மெயினின் திருப்புவகை இன்ட் என்றே வரையறுக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட கம்பைலர் வேறு வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அது அந்தக் கம்பைலரின் சலுகை, எங்கும் செல்லுபடியாகும் இலக்கணம் அன்று. எதுவும் எழுதாமல் விட்டால் முழு எண் என்று கொள்ளும் மரபை 1999-ஆம் ஆண்டுத் தரநிலை நீக்கிவிட்டது. மெயினின் இறுதி அடைப்புக்குறியை எட்டினாலே பூஜ்ஜியம் திருப்பித் தரப்பட்டதாகக் கொள்ளலாம் என்ற தளர்வையும் அதே தரநிலைதான் தந்தது. இருந்தாலும் தொடக்க மாணவர் ரிட்டர்ன் 0 என்று வெளிப்படையாக எழுதுவதே நல்லது என்று கருதுகிறேன்.

போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி 1987-இல் வெளிவந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அது அருமையான கருவி. எழுதுவது, தொகுப்பது, இயக்குவது எல்லாம் ஒரே திரையில். நம் கல்லூரிகளில் இரண்டு தலைமுறை மாணவர்கள் அந்த நீலத் திரையில்தான் சி கற்றார்கள்; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சிஎல்ஆர்எஸ்சிஆரும் கெட்சும் அந்தச் சூழலின் தேவைக்காக வந்தவை. நிரல் முடிந்தவுடன் திரை மறுபடி நீல நிறத்துக்குத் திரும்பிவிடும், விடை கண்ணில் படாது; அதனால் ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கக் கெட்ச் எழுதினோம். முந்தைய ஓட்டத்தின் விடை திரையில் தங்கியிருக்கும்; அதனால் முதலில் துடைத்தோம். இவை இரண்டும் சி மொழியின் பகுதிகள் அல்ல. இவற்றுக்கான கோனியோ.ஹெச் கோப்பும் தரநிலையில் இல்லை. இன்றைய விண்டோஸில் டாஸ் போல நடிக்கும் இன்னொரு மென்பொருளுக்குள் டர்போ சியை ஓடவிட்டு, அதற்குள் மாணவரை உட்காரவைத்து, தேவை மறைந்துபோன வரிகளை நிரலின் அமைப்பு என்று சொல்லிக்கொடுப்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த மாணவர் நேர்முகத் தேர்வில் லினக்ஸ் கணினியின் முன் அமரும்போது முதல் நிரலே தொகுக்கப்படாமல் நிற்கும். மேற்கண்ட நிரலில் மேற்கோள் குறிக்குள் 'வணக்கம்' என்று தமிழிலேயே தட்டச்சு செய்தால் இன்றைய லினக்ஸ் முனையத்தில் அது தமிழில் தெரியும். பழைய நீலத் திரையில் தெரியாது. முதல் வகுப்பில் அதைக் காணும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த ஆசிரியர் எவரும் பழைய திரைக்குத் திரும்பமாட்டார்.

இனி, சி நிரலின் ஆறு பகுதிகள் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் பட்டியலுக்கு வருகிறேன். குறிப்புரை, இணைப்பு, வரையறை, பொது அறிவிப்பு, மெயின், துணைச் செயற்கூறுகள் என்று வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண். பட்டியலில் தவறில்லை, அந்த வரிசை ஏன் அப்படி அமைந்தது என்று சொல்லாததுதான் தவறு. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நிலக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கான ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

/* சென்ட் அளவைச் சதுர அடியாக மாற்றும் நிரல் */
#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.ஹெச்>
#டிஃபைன் ஒருசென்ட் 435.6
டபுள் சதுரஅடி(டபுள் அளவு);

இன்ட் மெயின்(வாய்ட்)
{
    டபுள் சென்ட்;
    பிரின்ட்எஃப்("எத்தனை சென்ட்? ");
    ஸ்கேன்எஃப்("%எல்எஃப்", &சென்ட்);
    பிரின்ட்எஃப்("%.1எஃப் சதுர அடி\என்", சதுரஅடி(சென்ட்));
    ரிட்டர்ன் 0;
}

டபுள் சதுரஅடி(டபுள் அளவு)
{
    ரிட்டர்ன் அளவு * ஒருசென்ட்;
}

ஐந்தரை சென்ட் என்று கொடுத்தால் 2395.8 சதுர அடி என்று விடை வரும். ஒரு கிரவுண்டாகிய 2,400 சதுர அடிக்குச் சற்றே குறைவு. மாணவர் வீட்டுப் பத்திரத்தில் உள்ள அளவைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மெயினுக்கு மேலே சதுரஅடி என்ற செயற்கூற்றின் முன்வடிவு ஒற்றை வரியாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். கம்பைலர் மேலிருந்து கீழாக ஒருமுறைதான் படித்துச் செல்கிறது. மெயினுக்குள் சதுரஅடி என்ற பெயரை அது சந்திக்கும்போது, அந்தச் செயற்கூற்றின் உடல் இன்னும் கண்ணில் பட்டிருக்காது. அது டபுள் வகையை, அதாவது பின்னத்தோடு கூடிய எண்ணை, வாங்கி அதே வகை எண்ணைத் தரும் என்பதை முன்வடிவுதான் தெரிவிக்கிறது. முன்வடிவை நீக்கிவிட்டால் பழைய கம்பைலர்கள் அது முழு எண்ணைத் தருவதாகத் தாமே எண்ணிக்கொள்ளும். கீழே உடலைக் கண்டதும் முரண்பாடு என்று சொல்லும். 2024-இல் வெளிவந்த ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு, அறிவிக்கப்படாத செயற்கூற்றை அழைக்கும் இடத்திலேயே பிழை என்று நிறுத்திவிடுகிறது. எஸ்டிடிஐஓ.ஹெச் சேர்க்காமல் பிரின்ட்எஃப் எழுதினாலும் அதே கதிதான். ஆக, தலைப்புக் கோப்பு மேலே இருப்பதற்கும் முன்வடிவு மேலே இருப்பதற்கும் காரணம் ஒன்றே: பயன்படுத்துவதற்கு முன் அறிவித்திருக்க வேண்டும். மதிப்பை வைக்கும் இடமான சென்ட் என்ற மாறியை, விசைப்பலகையிலிருந்து மதிப்பைப் படிக்கும் ஸ்கேன்எஃப்புக்கு முன்னால் அறிவித்ததும் இதே விதிப்படிதான். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்ட மாணவர் ஆறு பகுதிகளின் வரிசையைத் தாமாகவே எழுதிவிடுவார்.

டிஃபைன் வரியின் இறுதியில் அரைப்புள்ளி இல்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி இட வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொடுப்பதால் மாணவர்கள் இங்கேயும் இட்டுவிடுகிறார்கள். அரைப்புள்ளி வரியின் முடிவுக்கு உரியதன்று, கூற்றின் முடிவுக்கு உரியது. டிஃபைன், முன்செயலிக்கான கட்டளை, அது 435.6 என்பதை அரைப்புள்ளியோடு சேர்த்தே எடுத்துக்கொண்டு, ஒருசென்ட் என்று வரும் இடத்திலெல்லாம் ஒட்டிவிடும். மேற்கண்ட நிரலில் பெருக்கலின் வலப்பக்கம் அது நிற்பதால் இரண்டு அரைப்புள்ளிகள் அடுத்தடுத்து வந்து, ஒரு வெற்றுக் கூற்றாகத் தீங்கின்றிப் போய்விடும். அதையே 'ஒருசென்ட் * அளவு' என்று இடம் மாற்றி எழுதினால், பெருக்கலுக்கு நடுவே அரைப்புள்ளி புகுந்து கூற்று இரண்டாக உடைந்துவிடும். கம்பைலர் கைகாட்டுவதோ எந்தக் குற்றமும் இல்லாத அந்த ரிட்டர்ன் வரியை. மாணவர் அதை எத்தனை முறை திருத்தினாலும் பிழை அகலாது. இதை வகுப்பில் வேண்டுமென்றே செய்துகாட்டினால், முன்செயலியும் கம்பைலரும் தனித்தனி என்பது ஒரே நேரத்தில் மனத்தில் பதிந்துவிடும்.

ஸ்கேன்எஃப் வரியில் சென்ட் என்ற மாறிக்கு முன்னால் உள்ள உம்மைக் குறி, அதன் மதிப்பைக் கொடுக்காமல் முகவரியைக் கொடுக்கிறது. மாறியில் இப்போது என்ன இருக்கிறது என்பது ஸ்கேன்எஃப்புக்குத் தேவையில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதே தேவை. குறியை விட்டுவிட்டால் நிரல் தொகுக்கப்பட்டாலும் இயங்கும்போது விழுந்துவிடக்கூடும். அதேபோல, டபுள் வகைக்கு ஸ்கேன்எஃப்பில் %எல்எஃப் என்றே எழுத வேண்டும். %எஃப் என்று எழுதினால், வழக்கமான கணினிகளில் எட்டு பைட் உள்ள மாறியில் நான்கு பைட்டை மட்டும் நிரப்பிவிட்டுத் தொடர்பே இல்லாத விடை வரும். பிரின்ட்எஃப்பில் மட்டும் %எஃப் போதும். எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும்படி சொல்லித் தொகுத்தால் ஜிசிசி இந்த இரண்டு தவறுகளையும் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தத் தெரிவை முதல் நாளிலிருந்தே பழக்கப்படுத்த வேண்டும்.

தரவினத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதே கணக்கை முழு எண் மாறியில் வைத்து, ஒரு ஏக்கரின் 43,560 சதுர அடியை டர்போ சியில் அச்சிட்டால் -21976 என்று வரும். அங்கே இன்ட் என்பது இரண்டு பைட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. இன்றைய கம்பைலர்களில் அது வழக்கமாக நான்கு பைட் என்பதால் இருநூறு கோடிக்கும் மேல் தாங்கும். இன்ட் என்றால் இரண்டு பைட் என்று இன்றும் விடைத்தாளில் எழுதும் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவி அதைத்தான் காட்டியது.

பைத்தான் வந்துவிட்ட காலத்தில் சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருக்கிறது. அது நல்ல மாற்றம். அந்தப் பைத்தானின் முதன்மை வடிவமே சி மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸின் கருவும் பெரும்பாலும் சி மொழியில்தான் இருக்கிறது. மாணவர் பைத்தானிலிருந்து சிக்கு வரும்போது, இங்கே ஏன் மாறியை அறிவிக்க வேண்டும், ஏன் மெயின் வேண்டும் என்ற கேள்விகள் இயல்பாக எழுகின்றன. அவற்றுக்கு விடை சொல்வதே சி நிரலின் அமைப்பைக் கற்பிப்பதாகும்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. தொடரின் அடுத்த பகுதியில் மாதிரி நிரலைத் தரநிலைக்கு ஏற்பத் திருத்தி வெளியிடுங்கள். அதனுடன் ஓர் அரைப்புள்ளியை நீக்கினால் வரும் பிழைச் செய்தியையும் படமாகப் போட்டு, அதை எப்படிப் படிப்பது என்று விளக்குங்கள். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் தங்கள் வாயிலாக ஒன்று கேட்கிறேன்: ஆறு பகுதிகளை வரைக என்று கேட்பதற்குப் பதிலாக, வரிகள் கலைந்த ஒரு சிறு நிரலைக் கொடுத்து, அதை ஒழுங்குபடுத்திக் காரணம் எழுதச் சொல்லலாம். மனப்பாடம் செய்தவரையும் புரிந்துகொண்டவரையும் அது எளிதில் பிரித்துக் காட்டிவிடும்.

மேலே உள்ள சென்ட் நிரலைத் தங்கள் தொடரில் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அச்சிடும்போதும் இணையப் பதிப்பில் ஏற்றும்போதும், நேரான மேற்கோள் குறிகளை அச்சுக்கோப்பு மென்பொருள் வளைந்த குறிகளாக மாற்றிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றை அப்படியே நகலெடுத்து ஒட்டும் மாணவருக்கு, கம்பைலர் முதல் பிரின்ட்எஃப் வரியிலேயே பிழை காட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணினியியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.